வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புரையைப் படுக்கையறை ஆக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கொஞ்சம் பழைய வீடு எதை எடுத்தாலும் பின்னால் இன்னொரு சின்னக் கட்டடம் நிற்கும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் என்றால் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் போட்டிருந்த புரை, இல்லையென்றால் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்திய புகைப்புரை. தோவாளைப் பக்கம் மாட்டுத் தொழுவம், தேங்காயும் நெல்லும் போட்டு வைத்த அறை. கடலோர ஊர்களில் வலையும் என்ஜினும் வைக்கிற ஷெட். நாகர்கோவிலில் கார் ஷெட் அல்லது அவுட் ஹவுஸ்.

மாட்டை விற்றாயிற்று, ரப்பர் பாலை ஷீட் அடிக்காமல் அப்படியே கொடுத்துவிடுகிறோம், புரை சும்மா கிடக்கிறது. வீட்டிலோ ஆள் கூடியிருக்கிறது. மகனுக்குக் கல்யாணம், அல்லது மாடி ஏற முடியாத அப்பா, அல்லது அறை கேட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகள். சுவருக்கு வெள்ளை அடித்து, தரையில் டைல்ஸ் ஒட்டி, ஒரு ஃபேன் மாட்டிக் கட்டில் போட்டால் ரூம் ரெடி என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். "நம்ம இடம், நம்ம கட்டடம், இதுக்கு எதுக்கு அனுமதி?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

நியாயமான கேள்விதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், தமிழ்நாட்டின் சராசரி 555. இடம் இவ்வளவு நெருக்கமான மாவட்டத்தில் நிற்கிற கட்டடத்தைப் பயன்படுத்த நினைப்பது தப்பே இல்லை. ஆனால் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

கட்டடம் அதேதான், பயன்பாடு வேறு

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 'மேம்பாடு' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. புதிதாகக் கட்டுவதும் இடித்துக் கட்டுவதும் அதில் அடங்கும் என்பது யாருக்கும் தெரியும். பலரும் கவனிக்காதது அடுத்த பகுதி: ஒரு கட்டடத்தின் அல்லது நிலத்தின் பயன்பாட்டை முக்கியமான அளவில் மாற்றுவதும் மேம்பாடுதான். மேம்பாட்டுக்கு முன்அனுமதி வேண்டும். ஆக, ஒரு செங்கல்கூட புதிதாக வைக்காமல், மாடு நின்ற இடத்தில் மனிதர் தூங்க ஆரம்பித்தாலே சட்டத்தின் பார்வையில் ஒரு மாற்றம் நடந்துவிட்டது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புரை கட்டியபோது பஞ்சாயத்தில் பிளான் பாஸ் வாங்கியிருக்கலாம், வீட்டு வரி ரசீதில் அது சேர்ந்தும் இருக்கலாம். அதெல்லாம் அந்தக் கட்டடம் புரையாக நிற்பதற்கான ஆதாரம். படுக்கையறையாக இருப்பதற்கு அது போதாது. பிளானில் 'ஸ்டோர்', 'கார் ஷெட்', 'தொழுவம்' என்று என்ன எழுதியிருக்கிறதோ, அனுமதி அதற்குத்தான்.

இப்போது தமிழ்நாடு முழுக்க நடைமுறையில் இருப்பது 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன் பஞ்சாயத்துக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி என்று தனித்தனியாக இருந்தன. இப்போது நாகர்கோவில் மாநகராட்சிக்கும் மலையடிவாரத்துக் கிராமப் பஞ்சாயத்துக்கும் ஒரே புத்தகம்தான். "எங்க ஊர் பஞ்சாயத்து, இங்க அதெல்லாம் கிடையாது" என்று கொத்தனார் சொன்னால் அது பழைய கணக்கு.

தூங்குகிற இடம் என்றால் ஏன் இத்தனை கண்டிப்பு

இந்த விதிகளை வெறும் காகித வேலையாகப் பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் அதன் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்டோர் ரூமில் புகை வந்தால் அங்கே யாரும் இல்லை. சமையலறையில் புகை வந்தால் ஆள் விழித்திருப்பார், வெளியே ஓடுவார். படுக்கையறையில் இருப்பவர் தூங்குகிறார். புகையோ, மின்கசிவோ, தண்ணீரோ, சரியும் கூரையோ எது வந்தாலும் அவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். ஒரு நாளில் 7, 8 மணி நேரம் அதே காற்றை மூச்சில் இழுக்கிறார். அதனால்தான் மனிதர் தங்கும் அறைக்கு ஒரு அளவுகோல், பொருள் வைக்கும் அறைக்கு இன்னொன்று.

கட்டடப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இந்த வித்தியாசம் எண்களாகவே இருக்கிறது. கார் நிறுத்தும் கொட்டகையின் தரை வெளித்தரையைவிட 150 மில்லிமீட்டர், அதாவது அரை அடி உயரமாக இருந்தால் போதும். மனிதர் வாழும் கட்டடத்துக்கு 450 மில்லிமீட்டர், ஒன்றரை அடி. இந்த ஒரு அடி வித்தியாசம் நம் மாவட்டத்துக்கு மிகவும் முக்கியம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற ஊர் நம்முடையது. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொழுவத்தைச் சாணி கழுவிவிட வசதியாகத் தரையோடு தரையாகத்தான் கட்டியிருப்பார்கள். அதில் கட்டில் போட்டால் முதல் பெருமழையில் தண்ணீர் கட்டில்காலைத் தொடும். தரையை உயர்த்தலாம் என்றால் அந்த அளவுக்கு உள்ளே உயரம் குறையும். மனிதர் தங்கும் அறைக்கு 2.75 மீட்டர், சுமார் 9 அடி உயரம் வேண்டும். 8 அடிப் புரையில் ஒரு அடி மண் கொட்டி உயர்த்தினால் மிஞ்சுவது 7 அடி. ஃபேன் மாட்டினால் கையை உயர்த்திச் சோம்பல் முறிக்க முடியாது.

பரப்பளவுக்கும் கணக்கு உண்டு. ஒரே ஒரு அறை என்றால் குறைந்தது 9.5 சதுர மீட்டர், ஏறத்தாழ 102 சதுர அடி, அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. 12 அடிக்கு 8 அடி என்று நிற்கும் புரை 96 சதுர அடிதான். பார்வைக்குத் தாராளமாகத் தெரிந்தாலும் மயிரிழையில் தவறிவிடும்.

அப்புறம் ஜன்னல். நம்மைப் போல வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு இருக்க வேண்டும், கதவு இந்தக் கணக்கில் சேராது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. 3 அடி அகலம், 3½ அடி உயரத்தில் இரண்டு ஜன்னல் வைத்தால் சரியாக வரும். அந்த ஜன்னல் வெளிக்காற்றுக்கோ திறந்த வராந்தாவுக்கோதான் திறக்க வேண்டும், பக்கத்து அறைக்குள் திறந்து பயனில்லை. புகைப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். புகை வெளியே போகாமல் இருக்க வேண்டும் என்றே கட்டப்பட்ட அறை அது. ஜன்னலே இருக்காது, மேலே சின்னதாக ஒரு புகைபோக்கி மட்டும். பல வருடப் புகை சுவரிலும் ஓட்டிலும் ஏறிப்போயிருக்கும், வெள்ளை அடித்தாலும் மழைக்காலத்தில் வாசனை வெளியே வரும். நான் ஒரு இடத்தில் பார்த்தது: சுவரில் பெயின்ட்டுக்கு மேலே மஞ்சளும் பழுப்புமாக எண்ணெய் போலக் கறை கசிந்து வந்திருந்தது. கைக்குழந்தை தூங்குகிற அறை. புகைப்புரையை மட்டும் படுக்கையறை ஆக்காதீர்கள் என்று நான் உறுதியாகவே சொல்வேன். இடித்துவிட்டு அதே இடத்தில் முறைப்படி கட்டுவது மேல்.

கூரை பற்றிச் சொல்ல ஒக்கி போதும். 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் நம் மாவட்டத்தை அடித்தபோது தகர ஷீட்டும் ஆஸ்பெஸ்டாஸும் பறந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். விறகு அடுக்கிய ஷெட்டின் கூரை பறந்தால் விறகு நனையும், அவ்வளவுதான். தூங்குகிறவர் தலைக்கு மேல் என்றால் கதை வேறு. ஷீட் கூரையை அப்படியே வைத்துக்கொள்வதாக இருந்தால் அதைத் தாங்கும் பைப்பும், பிடித்திருக்கும் போல்டும், கீழே உள்ள சுவரும் இந்தக் காற்றைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். பழைய புரைச் சுவர் பலதும் மண்சாந்தில் வெட்டுக்கல் அடுக்கியது. அதன் மேல் கான்கிரீட் போட ஆசைப்படுவது ஆபத்து.

நிலம் எந்த வகை?

இதுவரை சொன்னது கட்டடம். இனி நிலம். நகர் ஊரமைப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பயன்பாட்டு வகை உண்டு. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று போகும். முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இருக்கும் பகுதியில் உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்பதை அந்தத் திட்டத்தின் வரைபடத்தில் பார்க்கலாம். குடியிருப்பு வகை என்றால் பின்கட்டைக் குடும்பத்துக்குப் படுக்கையறை ஆக்குவதில் நிலத்தால் வரும் சிக்கல் இருக்காது. மற்ற விதிகள் பொருந்தினால் போதும்.

திட்டம் இல்லாத கிராமப்புறத்தில் பலரும் தடுக்கி விழுவது வேறு இடத்தில். வீடு இருப்பது புரையிடத்தில், அதாவது வீட்டுமனையில். புரை இருப்பது அதை ஒட்டிய விளையில், அதாவது தோட்டத்தில், பட்டாவில் அது இன்னும் விவசாய நிலம். தொழுவமும் உரம் வைக்கும் அறையும் விவசாயத்தோடு சேர்ந்தது என்பதால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதில் ஆட்களைத் தங்கவைக்கும்போது நிலத்தின் பயன்பாடும் மாறுகிறது. திட்டமில்லாப் பகுதியில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017இல் தனி விதிகளே வந்திருக்கின்றன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். ஆகவே முதல் வேலையாகப் பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்து, புரை எந்த உட்பிரிவு எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். வீட்டின் எண்ணும் புரையின் எண்ணும் வேறாக இருப்பது இங்கே சாதாரணம்.

நம் மாவட்டத்துக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் கூடுதல். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உள்ள பகுதி. ஆறு கடலில் கலக்கும் கழிமுகக் கரைகளிலும் அது உள்ளே நீளும். குளச்சலிலும் மணக்குடியிலும் வலை ஷெட்டை அறையாக்க நினைப்பவர் கட்டட விதியோடு இதையும் பார்க்க வேண்டும். மேற்கே மலைப்பக்கம் சில வருவாய்க் கிராமங்கள் மலைத்தலப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன, 'ஹாகா' என்று சொல்வார்களே, அதுதான். அங்கே வனத்துறை போன்ற துறைகளின் கருத்தும் கேட்கப்படும், நாள் பிடிக்கும். வீட்டுக்கு ஒரு அறை கூட்ட நினைக்கும் சாதாரண ஆளுக்கு இது பெரிய அலைச்சல் என்பதை மறுக்க முடியாது. குடும்ப உபயோகத்துக்கான சின்ன மாற்றங்களுக்கு அங்கே எளிய வழி ஒன்று அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்பது என் கருத்து.

செட்பேக், கிணறு, செப்டிக் டேங்க்

பின்கட்டுகள் பெரும்பாலும் மதிலை ஒட்டியே இருக்கும். எல்லையிலிருந்து வீட்டுக்கு விட வேண்டிய காலியிடத்தை செட்பேக் என்கிறோம். அது காற்றுக்கு, வெளிச்சத்துக்கு, தீப்பிடித்தால் ஆள் உள்ளே போவதற்கு. மோட்டார் அறை, காவலாளி அறை போன்ற சிலவற்றை அந்த இடத்தில் அனுமதிப்பார்கள். படுக்கையறை அந்தப் பட்டியலில் கிடையாது. மதிலோடு சேர்ந்து நிற்கும் ஷெட்டை அறையாக மாற்ற அனுமதி கேட்டால் முதலில் நிற்பது இந்த இடத்தில்தான். தளப்பரப்புக் குறியீடு என்ற கணக்கும் உண்டு, உயரமில்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு அது 2. அதாவது 5 சென்ட் மனையில் எல்லாத் தளமும் சேர்ந்து 10 சென்ட் அளவு வரை கட்டலாம். ஊர்ப்புறத்தில் இது யாரையும் தடுப்பதில்லை, நகரத்துச் சின்ன மனையில் பார்க்க வேண்டும்.

அறையோடு ஒரு அட்டாச்டு பாத்ரூம் வைக்காமல் யாரும் விடுவதில்லை. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு கிணறு. செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீர் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் விட வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 18 மீட்டர் என்றால் 59 அடி. 10 சென்ட் மனை சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 66 அடிதான். உங்கள் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது, மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் கிணற்றையும் டேப் பிடித்து அளக்க வேண்டும். பின்கட்டு பாத்ரூமை வீட்டின் பழைய செப்டிக் டேங்கோடு சேர்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அண்டை வீட்டுச் சண்டைகளில் பாதி இந்தக் குழியில்தான் ஆரம்பிக்கிறது.

அதில் யார் தூங்கப் போகிறார்கள்?

உங்கள் அம்மாவோ மகனோ என்றால் அது வீட்டின் ஒரு பகுதி. தனிச் சமையலறை வைத்து வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் அது தனிக் குடியிருப்பு. மனையில் இப்போது இரண்டு வீடுகள் என்று கணக்காகும், வாகனம் நிறுத்தும் இடமும் வரியும் அதற்கேற்பப் பார்க்கப்படும். 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி எழுத்து வடிவில் ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்ய வேண்டும்.

கட்டில் கட்டிலாக மாணவிகளுக்கோ வேலைக்குப் போகும் பெண்களுக்கோ விட்டால் அது விடுதி. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு 2014இல் தனிச் சட்டம் வந்தது, ஆட்சியரிடம் பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது. "மூணு பிள்ளைங்கதானே" என்று விட்டுவிடாமல் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரிக்கு வரும் பயணிகளுக்கு விடும் எண்ணம் இருந்தால், மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத்தங்கல் திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை பதிவு செய்யலாம். முக்கியமான நிபந்தனை, உரிமையாளர் குடும்பம் அதே இடத்தில் குடியிருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருந்துகொண்டு பின்கட்டை மட்டும் தினவாடகைக்கு விட்டால் அது லாட்ஜ் நடத்துவதுதான், குடியிருப்பு அல்ல. மின் கட்டணமும் வரியும் வணிகத்துக்கு மாறும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தங்கவைக்கும் ஷெட்டுகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னலில்லாத தகர ஷெட்டில் பத்துப் பேர், உள்ளேயே கேஸ் சிலிண்டர், உள்ளேயே பைக். மேலே சொன்ன அளவுகள் ஒன்றுகூட அங்கே இல்லை. தன் பிள்ளைக்கு ஆறில் ஒரு பங்கு ஜன்னல் பார்க்கும் நாம் இவர்களுக்கும் அதைப் பார்க்க வேண்டும். விதியில் ஆளுக்கு ஆள் வேறு அளவு கிடையாது.

எங்கே போய்க் கேட்பது

கிராமம் என்றால் பஞ்சாயத்து, இல்லையென்றால் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகம். 10,000 சதுர அடிக்குள், 8 வீடுகளுக்குள் அடங்கும் குடியிருப்புகளுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். அதற்கு மேல், அல்லது நிலப்பயன்பாட்டில் சந்தேகம் என்றால் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம். விண்ணப்பம் ஒற்றைச்சாளர இணையதளத்தில்தான். உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் வரைபடம் போட்டு ஏற்றித் தருவார். இப்போது இருப்பது ஒரு நிறத்தில், மாற்றப் போவது இன்னொரு நிறத்தில் தெளிவாகத் தெரியும்படி வரையச் சொல்லுங்கள். பத்திரம், பட்டா, புலப்படம், பழைய பிளான், வரி ரசீது இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போனால் ஒரு தடவையில் பேச்சு முடியும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் உடனே அனுமதி கிடைக்குமே என்று கேட்பீர்கள். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு. 2,500 சதுர அடி என்பது ஆறு சென்ட்கூட இல்லை. பின்கட்டு இருக்கும் நம் ஊர் மனைகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை.

ஏற்கெனவே அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டவர்கள் பழைய வரன்முறைத் திட்டத்தை நம்பியிருக்க வேண்டாம். அது 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லவும் பூட்டி முத்திரையிடவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகின்றன. இவ்வளவு வருடம் யாரும் கேட்கவில்லை, இவ்வளவு பணம் போட்டாயிற்று என்பதெல்லாம் அனுமதியில்லாக் கட்டடத்தைக் காப்பாற்றாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அளவுகள் பொருந்துகிற கட்டடம் என்றால் இப்போதே திருத்திய பிளானோடு விண்ணப்பியுங்கள். பொருந்தாததை மறுபடி ஸ்டோராகவே வைத்துக்கொண்டு, அந்த அறையை வீட்டோடு சேர்த்து முறைப்படி இழுத்துக் கட்ட முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். நாளை வீட்டை விற்கும்போதோ, அதன் மேல் கடன் கேட்கும்போதோ, வங்கியிலிருந்து வருபவர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் பின்பக்கம் நடப்பார்.